பெயர் கொத்தப்பட்ட கல்

விளக்கைத் தணித்து வையுங்கள். முழுக்க அணைக்க வேண்டாம்... இந்தக் கதைக்கு அது சரிப்படாது. நடுவில் யாரும் எழுந்து போகக்கூடாது. போவதானால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

நம்மோடு படித்தானே, முன்பல் உடைந்தவன், அவனுடைய சித்திக்கு நடந்தது இது. பாதி அவன் கண்ணால் பார்த்தது. மீதி சித்தியே அவனிடம் சொன்னது.

மாலை ஆறேகால் மணி. மழைக்காலம், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. பெரிய சாலையிலிருந்து பிரிந்து போகிற ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. சித்தி தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள்.

சித்திக்கு அருங்காட்சியகத்தில் வேலை. பழைய எகிப்தியக் கல்வெட்டுகளைப் படிப்பாள். பறவை, பாம்பு, கண், கை என்று படம் படமாகச் செதுக்கியிருப்பார்களே... நாம் பேருந்தின் பலகையைப் படிக்கிற மாதிரி அதைப் படிப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டிலேயே, அதாவது நம் கூட்டாளியின் அம்மாவோடு, இருந்தாள். வீட்டில் அவளுக்கு ‘எதிர்ப்பாட்டு’ என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் முதலில் ‘ஏன்?’ என்பாள். ‘வாயை மூடு’ என்று அவளிடம் சொல்லாத ஆள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவள் மூடியதும் கிடையாது.

அந்தச் சாலை ஒரே ஒரு வீட்டில் போய் முடிந்தது. அங்கே ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் தனியாக இருந்தார். எகிப்துக் கல் ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள், இன்றைக்கே வாருங்கள் என்று தொலைபேசியில் கெஞ்சியிருந்தார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் சித்தியின் கண்ணில் பட்டது சுவரில் மாட்டியிருந்த படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண். ஒன்றில் மாலையோடு, ஒன்றில் படகில், ஒன்றில் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு. எல்லாவற்றிலும்... வாய் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. கூரான எதையோ வைத்துக் கொத்தி எடுத்தாற்போலச் சின்னப் பள்ளம்.

சித்தி கிட்டே போய்ப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்த தாள்தான் கொத்துப்பட்டிருந்தது.

“என் மனைவி” என்றார் பொறியாளர். “அந்தக் கல்லை வாங்கிட்டு வந்தவளே அவதான். புத்தகத்தை வச்சுக்கிட்டு அவளாவே படிக்கக் கத்துக்கிட்டா. அதுல ஒரு இடத்துல பேரைக் கொத்தி எடுத்திருக்கு. அது என்ன பேருன்னு கண்டுபிடிக்கணும்னு வெறி. ஒரு நாள் காலையில எழுந்து வாயைத் திறக்கறா... சத்தம் வரல. அப்புறம் வரவே இல்ல. கடைசியில தண்ணி வேணும்னு கேக்கக்கூட முடியாம போய்ச் சேர்ந்தா.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“தொண்டை நல்லா இருக்குன்னார்” என்றார் அவர். “நல்லா இருக்கற தொண்டையோட செத்தாம்மா.”

 சித்தி கல்லைத் துணியால் சுற்றினாள். இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவு சுண்ணாம்புக்கல். மேற்பக்கமும் இடப்பக்கமும் உடைந்திருந்தன. பொறியாளர் வாசல்வரை வந்தார். கல்லைத் தொடவில்லை.

“உள்ளே போட்டுப் பூட்டி வைங்க. படிக்க மட்டும் வேண்டாம்.”

“எழுதினதே யாராவது படிக்கத்தானே சார்?”

“எழுதினவன் ஒருத்தன்” என்றார் அவர். “கொத்தினவன் வேற ஒருத்தன்.”

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கல் பின் இருக்கையில். பாதி தூரம் வந்திருப்பாள்...

டொக்.

டயரில் கல் மாட்டியிருக்கிறது என்று நினைத்தாள்.

டொக்... டொக்.

வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். கூரையில் மழை. அதற்கு நடுவே, முதுகுக்குப் பின்னால், நிதானமாக, வேலையில் முழுகிப்போனவன் அடிக்கிற மாதிரி... டொக்... டொக்... இரும்பு உளியின் சத்தம் இல்லை அது. இரும்பு ‘ணங்’ என்று கத்தும். இது மந்தமாக இருந்தது. செம்பு உளி, மரச் சுத்தி. அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் அப்படித்தான் வேலை செய்தார்கள் என்று சித்திக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் வண்டியில் ஏதோ கோளாறு என்று போயிருப்பாள்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளேதான் வந்தது.

நாமாக இருந்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்போம். சித்திக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதாம், இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி முன்னால் வந்துவிட்டது.

“தட்டறதுன்னா தட்டு” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “எனக்கு வீடு போய்ச் சேரணும்.”

எஞ்சினைக் கிளப்பினாள். சத்தம் ஊர் விளக்குகள் தெரிகிறவரை கூடவே வந்தது.

மறுநாள் அருங்காட்சியகத்தின் பின்கட்டில், தன் வேலை அறையில், மணல் பையின் மேல் கல்லைக் கிடத்திப் படிக்க உட்கார்ந்தாள். அந்த எழுத்தில் பறவையும் ஆளும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வரவேண்டும். இங்கே எல்லாரும் வலப்பக்கம் பார்த்தார்கள். வலமிருந்து இடமாகப் படித்தாள்.

சமாதிக்கல் அது. இறந்துபோன ஒருத்தி வழிப்போக்கர்களைக் கூப்பிடுகிறாள். பூமியில் உயிரோடு இருப்பவர்களே, இந்தப் பக்கமாக நடந்து போகிறவர்களே, என் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். அதில் உங்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. வாயில் வருகிற மூச்சுதான்...

அடுத்து பெயர் வரவேண்டும். அங்கே பள்ளம். உடைந்த பள்ளம் இல்லை. ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமே படாமல், ஒவ்வொரு குறியாகக் கொத்தி எடுத்த பள்ளம். பெயருக்குப் பின்னால் வருகிற குறி மட்டும் தப்பியிருந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அதற்கு ஒலி கிடையாது. இது ஒரு பெண்ணின் பெயர் என்று காட்டுவதற்காகப் போடுவது.

சித்தி அந்தச் சின்னப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஆயிரம் வருஷம். இவள் ‘சொல்லுங்கள், சொல்லுங்கள்’ என்று கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். எதைச் சொல்லவேண்டும் என்பதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான் ஒருத்தன்.

“உன் வாயையும் அடைச்சானா?” என்றாள் சித்தி. விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தாள்.

அது ஒரு வித்தை. ஒளியை நேராக அடித்தால் பள்ளம் பள்ளமாகத்தான் தெரியும். சாய்த்து அடித்தால், கொத்தினவன் கவனிக்காமல் விட்டுப்போன ஆழமான கோடுகள் நிழலாக மேலே வரும். அன்று மாலைக்குள் முதல் குறி கிடைத்தது. மடித்த துணியின் படம், பெயரில் ஓர் எழுத்து.

வீட்டுக்குக் கிளம்பும்போது வாசல் காவலாளி அவளுடைய அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “என்ன மேடம், படம் சுரண்டியிருக்கு?”

சித்தியின் முகம். வாய் இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை வழவழவென்று அப்படியே இருந்தது.

“புதுசு எடுத்துக்கறேன்” என்றாள். அவ்வளவுதான். மறுநாளும் வந்து விளக்கைச் சாய்த்தாள். இரண்டாவது குறி, நீரலை. அதற்கு அடுத்தது கிடைப்பதற்குள் அந்த வாரமே போய்விட்டது. அங்கேதான் அவன் மிக ஆழமாகக் கொத்தியிருந்தான். கண்ணில் நீர் வடிய வடியப் பார்த்தாள். இரண்டு மெல்லிய வளைவுகள், நுனியில் சேர்ந்தவை.

வாய். அந்தக் குறி ஒரு வாய்.

அந்த நேரம் அறையில் டொக்கென்று ஒரே ஒரு அடி. மிக அருகில். சித்தியின் மேலுதட்டில் சுருக்கென்றது. தொட்டுப் பார்த்தால் விரலில் ரத்தம். கதவு சாத்தியிருந்தது. அறையில் யாரும் இல்லை. துடைத்துக்கொண்டு கடைசிக் குறியையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். ரொட்டி. பெயர் முழுசாகக் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தாள். அக்கா சமையலறையில் இருந்தாள். அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு இருந்தது, கேட்பதுதான் இல்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். அதிலும் தங்கை உதடு என்றால் அவளுக்கு அத்துப்படி. சித்தி அவள் எதிரில் போய் நின்றுகொண்டு நடந்ததை எல்லாம் கொட்டினாள். அக்கா ‘ம்’ கொட்டினாள், திட்டினாள், உதட்டில் மருந்து தடவினாள். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நம் கூட்டாளி வெளியிலிருந்து வந்தான். வாசற்படியிலேயே நின்றுவிட்டானாம்.

“சித்தி... ஏன் சத்தமே இல்லாம பேசறீங்க?”

சித்தி அவனைப் பார்த்து என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது... இத்தனை நேரமும் தான் பேசியதில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை.

மருத்துவர் பார்த்தார். விளக்கு அடித்தார், குழாய் விட்டார். தொண்டை நல்லா இருக்கு என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் சித்தி உடைந்துபோனாள். வாழ்நாளில் முதல் தடவை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அக்கா தோளைப் பிடித்துத் திருப்பினாள், உதட்டைப் படிப்பதற்காக.

‘விட்டுடலாம்க்கா’ என்று அசைந்தது சித்தியின் உதடு. ‘கல்லை உள்ளே போட்டுப் பூட்டிடறேன். ஒருவேளை திரும்ப வந்துடும்.’

“அந்தம்மாவுக்குத் திரும்பி வந்துச்சா?”

சித்தி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அக்கா சாதுவானவள். யாரையும் எதிர்த்துப் பேசாதவள். அவள் சொன்னதை நம் கூட்டாளி கதவோரம் நின்று கேட்டிருக்கிறான். தன் குரல் தனக்கே கேட்காததால் அக்கா எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள்.

“சின்ன வயசுல தெருப் பசங்க என்னைச் செவிடின்னு கூப்பிட்டப்போ, ஒவ்வொருத்தன் வீட்டு வாசல்லயும் போய் நின்னு கத்தினியே, ஞாபகம் இருக்கா? ஒருத்தன் கை உன் மேல பட்டுப் பல்லு ஆடிச்சு. அப்பவும் நீ நிறுத்தல. யாரோ செத்தவன் தட்டினா நிறுத்திடுவியா? அந்தம்மா தனியா இருந்துச்சு. வாய் அசைஞ்சாலும் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்க ஆளில்ல. உனக்கு நான் இருக்கேன்ல? பேரைக் கண்டுபிடிச்சுட்டே. நீ அசை. நான் சொல்றேன்.”

அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள். மத்தியானம்தான், ஆனாலும் மழை இருட்டு. அக்காவும் தங்கையும் வேலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நடுவில் மேஜை. மேஜையில் கல். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த எழுத்தில் மெய் மட்டும்தான் உண்டு. உயிரை எழுதவே மாட்டார்கள். அது பேசுகிறவர் வாயிலேயே இருந்து, பேசுகிறவரோடு போய்விடும். படித்தவர்கள் வசதிக்காக நடு நடுவே ஓர் ‘எ’ போட்டுக்கொள்வார்கள். அது அவளை உண்மையில் கூப்பிட்ட பெயர் ஆகாது. சித்திக்கு உடம்பு கிடைத்திருந்தது. உயிரைத் தேடித்தான் போடவேண்டும்.

முதலில் ‘எ’ போட்டு அசைத்தாள். அக்கா உரக்கச் சொன்னாள்.

டொக்.

சித்தி திடுக்கிட்டாள். அக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குத் தங்கை உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி ‘அ’ போட்டாள். அக்கா சொன்னாள். டொக் டொக். ‘இ’ போட்டாள். டொக் டொக் டொக்... இப்போது அவன் நிதானமாக வேலை செய்யவில்லை. ஓடி வருகிறவன் மாதிரி அடித்தான். சுண்ணாம்பு வாசனை மூக்கை அடைத்தது. சித்தியின் உதட்டில் சுருக் சுருக்கென்றது, கீழே ஒன்று, ஓரத்தில் ஒன்று. தாடையில் ரத்தம் வழிந்தது.

அக்கா மேஜை மேல் வைத்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள், அதில் அதிர்வு ஏறியது. “யாரோ இதைத் தட்டறாங்களா?” என்றாள்.

சித்தி ஆமாம் என்று தலையாட்டினாள்.

“தட்டட்டும்” என்றாள் அக்கா. “அடுத்தது சொல்லு.”

அடுத்தது. அதற்கடுத்தது. முன்னால் ‘அ’ பின்னால் ‘உ’. முன்னால் ‘ஆ’ பின்னால் ‘இ’. பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டுகிற இரண்டு பிள்ளைகள் மாதிரி. சித்தியின் காதுக்குள் ஒரே இடி. எழுந்து ஓடு என்று உடம்பு முழுக்கக் கதறியது. எதிரே அக்கா முகம். அதில் ஒரு சலனம் இல்லை. ஒரு சத்தமும் போய்ச் சேராத முகம். உலகத்தில் அந்த உளியால் தொட முடியாத ஆள் அவள் ஒருத்திதான் என்று அப்போது சித்திக்குத் தோன்றியதாம். அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு, பிய்ந்துபோன உதட்டால் இன்னொரு தடவை அசைத்தாள். முன்னால் ‘ஆ’. பின்னால் ‘உ’.

அக்கா சொன்னாள். அறை அதிரச் சொன்னாள்.

உளி நின்றது.

மழை மட்டும் கேட்டது. பிறகு, கல் இருந்த பக்கத்திலிருந்து... வெகுநேரம் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவள் மேலே வந்து இழுக்கிற மாதிரி ஒரு மூச்சு. நீளமாக. உள்ளே போய்க்கொண்டே இருந்தது அந்த மூச்சு.

“அக்கா...” என்றாள் சித்தி. கரகரவென்று, உடைந்து, ஆனால் சத்தமாக. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

சித்தியின் குரல் முழுசாகத் திரும்பவில்லை. இன்றும் கரகரப்புதான். அதை வைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். கல்லை அருங்காட்சியகக் கூடத்தில், எல்லாரும் கடந்து போகிற வழியில் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு வைத்தாள். கீழே பலகையில் அந்தப் பெயர், பெரிய எழுத்தில். பொறியாளரை அழைத்து வந்து காட்டினாள். அவர் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு தன் மனைவியின் பெயரையும் ஒரு தடவை சொன்னார். இரண்டும் அந்தக் கூடத்தில் நன்றாகக் கேட்டது.

இதோடு முடிந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்...

மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அக்காவும் தங்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா பேச்சுவாக்கில் கேட்டாள். “அன்னிக்கு உன் ரூம்ல இருந்தானே, அந்த ஆள் யாருடி?”

“எந்த ஆள்?”

“உனக்குப் பின்னாலயே நின்னானே. குட்டையா. முழங்கை வரைக்கும் வெள்ளை வெள்ளையா. உன் உதட்டையே பார்த்துக்கிட்டிருந்தேனா, எப்போ உள்ளே வந்தான்னு தெரியல, அங்க வேலை செய்யறவன்னு நினைச்சேன். நான் அந்தப் பேரைச் சொன்னதும் அவன் மூஞ்சியே செத்துப்போச்சு. அப்புறம் என்னைப் பார்த்து வாயை வாயை அசைச்சான்.”

சித்தி கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். “அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீ அழுதுக்கிட்டிருந்தே. அவனை யாரு கவனிச்சா?”

“என்ன சொன்னான்?”

“என்ன பாஷையோ. ஒரே சொல்லு. திரும்பத் திரும்ப அதையே. கெஞ்சற மாதிரி.”

அக்கா சத்தமில்லாமல் உதட்டால் அதைச் செய்து காட்டினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. சித்தி அக்காவின் வாயையே பார்த்தாள். புரிந்துவிட்டது. பெயர். ஓர் ஆணின் பெயர், மெய்யோடு உயிரும் சேர்ந்து, அந்தக் காலத்து வாய் சொன்னபடியே. அந்தத் துறையில் இருக்கிற எவனும் இப்படி ஒன்றைக் கேட்க ஒரு கையைக்கூட வெட்டிக் கொடுப்பான். அடுத்தவள் பெயரைத் தோண்டி எறிந்தவனுக்கு இப்போது தன் பெயரை யாராவது சொல்லவேண்டுமாம்.

“இரு, சத்தமா சொல்லிக் காட்டறேன்” என்று அக்கா மூச்சை இழுத்தாள்.

சித்தி பாய்ந்து அக்காவின் வாயைப் பொத்தினாள். “மாட்டோம்” என்றாள். அக்காவிடம் சொல்லவில்லை.

வெயில் ஜன்னல் வழியாக மேஜைவரை வந்திருந்தது. அக்கா கண்ணை விரித்தபடி அசையாமல் இருந்தாள். சித்தியின் உள்ளங்கையில் அக்காவின் மூச்சு, சூடாக.

புறங்கையிலும் ஒரு மூச்சு பட்டது. வறண்டு, மிக அருகில், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவனின் மூச்சு.

சித்தி கையை எடுக்கவில்லை. அதுவும் நகரவில்லை.